மெயில் போனது, போய்ச் சேரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு சின்ன பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் ஆபீஸ் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பி.காம். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையருக்கு மெயில் போடுவது, இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் தயார் செய்வது, கன்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேரும்வரை போனும் கையுமாகத் திரிவது, இதுதான் என் பிழைப்பு. இந்தக் கடிதம் ஒரு மெயிலைப் பற்றியது. இதையெல்லாமா பத்திரிகைக்கு எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்களுக்கு அது பதினோரு நாளைத் தின்றுவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஜெர்மனியில் இருக்கும் ஒரு பையருக்குக் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர், நாலு கலர். சாயம் போட்ட துணி சாம்பிள், அதாவது லேப் டிப், கூரியரில் போய்விட்டது. எந்த ஷேடு ஓகே என்று சொல்லுங்கள், விலையில் இந்தச் சின்னத் திருத்தம், ஷிப்மென்ட் இந்தத் தேதி என்று விவரமாக மெயில் போட்டேன். பதில் இல்லை. வழக்கமாக இரண்டு நாளில் பதில் போடுகிறவர்கள் அவர்கள். ஐந்தாம் நாள் ஒரு ரிமைண்டர், எட்டாம் நாள் இன்னொன்று. முதலாளி வந்து கேட்கும்போதெல்லாம், "மெயில் போயிருச்சுங்க, சென்ட்ல இருக்குது பாருங்க" என்று மானிட்டரைத் திருப்பிக் காட்டினேன். பதினோராம் நாள் அவர்களே போன் செய்தார்கள். உங்களுக்கு ஆர்டர் வேண்டுமா வேண்டாமா, ஏன் ஒரு பதிலும் இல்லை என்று எங்களைக் கேட்டார்கள்! கடைசியில் பார்த்தால் என் மூன்று மெயிலையும் அவர்கள் சர்வர் (மெயிலை வாங்கிக் கொடுக்கிற கம்ப்யூட்டர்) சந்தேகப்பட்டு ஓரமாகப் பிடித்து வைத்திருந்தது. அவர்களுக்கும் போகவில்லை, எனக்கும் திரும்பி வரவில்லை. அதற்குள் சாயமேற்றுகிற டையிங்கில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த மெஷின் வேறு பார்ட்டிக்குப் போய்விட்டது.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் சர்வர் வேலை பார்க்கிறான். அவனிடம் புலம்பியபோது சிரித்துவிட்டுச் சொன்னான்: "மாமா, சென்ட்னா உங்க கேட்டைத் தாண்டிருச்சுன்னு மட்டும்தான் அர்த்தம்." இருபது வருஷமாக மெயில் போடுகிறேன், இது எனக்குத் தெரியாது. என்னைப் போலத் தெரியாதவர்கள் இந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள் என்பதால், அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எனக்குப் புரிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

நாம் அனுப்பும் பட்டனை அழுத்தியதும், நம் மெயில் சர்வர் பையரின் முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் இருக்கிற டொமைன் பெயரை எடுத்துக்கொள்கிறது. டி.என்.எஸ். என்று ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது, அதில் அந்த டொமைனுக்கு மெயில் வாங்கும் சர்வர் எது என்று பார்க்கிறது. எம்.எக்ஸ். பதிவு என்பார்கள். அப்புறம் அந்த சர்வரைக் கூப்பிட்டு, நான் இன்னார், இன்னாரிடமிருந்து இன்னாருக்கு ஒரு கடிதம் கொண்டுவந்திருக்கிறேன், வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்கிறது. இந்தப் பேச்சுக்கான விதிமுறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982-ல் ஜான் போஸ்டல் என்பவர் எழுதி வெளியிட்டது. அன்றைக்குக் கம்ப்யூட்டர்களை இணைத்த நெட்வொர்க்கில் இருந்தது பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும்தான், கிட்டத்தட்ட ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். அதனால் "நான் இன்னார்" என்று சொல்கிறவன் நிஜமாகவே இன்னார்தானா என்று பார்க்க அந்த விதிமுறையில் வழியே வைக்கவில்லை. இன்றைக்கு நாம் படுகிற பாட்டில் பாதி அதிலிருந்து வருகிறது.

எதிர் சர்வர் மூன்று விதமாகப் பதில் சொல்லும். 250 என்று சொன்னால் வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். 4-ல் தொடங்கும் எண் சொன்னால் இப்போது முடியாது, அப்புறம் வா. நம் சர்வர் அதை வரிசையில் வைத்து, விட்டு விட்டு, நாலைந்து நாள்கூட முயன்றுகொண்டிருக்கும். சில இடங்களில் முன்பின் தெரியாத சர்வர் வந்தால் வேண்டுமென்றே ஒருமுறை திருப்பி அனுப்பிப் பார்ப்பார்களாம். ஒழுங்கான சர்வர் மறுபடியும் வரும், ஸ்பாம் அனுப்புகிறவன் பெரும்பாலும் வரமாட்டான் என்ற கணக்கு. 5-ல் தொடங்கினால் முடியவே முடியாது, 'மெயிலர் டீமன்' பெயரில் ஒரு ஓலை நமக்குத் திரும்பி வரும். இங்கிலீஷில் ஏதோ நீளமாக இருக்கிறதே என்று அதைப் படிக்காமலே டிலீட் செய்கிறவர்கள் அதிகம், நானும் செய்திருக்கிறேன். காரணம் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். பெட்டி நிறைந்துவிட்டது, முகவரி தப்பு, ஃபைல் பெரிசு என்று. (ஃபைல் என்றதும் ஒன்று: 20 எம்.பி. ஆர்ட்வொர்க்கை அட்டாச் செய்தால் மெயிலுக்குள் போகும்போது அது மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும், 27-ஐத் தொடும். எதிர்ப்பக்கத்தின் எல்லை 25 என்றால் திரும்பித்தான் வரும். 20தானே என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.)

திரும்பி வந்தால்கூடப் பரவாயில்லை என்பேன். எங்கள் மெயிலுக்கு நடந்தது அதைவிட மோசம். எதிர் சர்வர் 250 சொல்லி, நல்ல பிள்ளையாக வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகு இன்பாக்ஸில் போடுவதா, ஸ்பாமில் போடுவதா, அட்மின் மட்டும் பார்க்கிற க்வாரண்டைனில் வைப்பதா என்பது அந்த வீட்டுக்காரர் இஷ்டம். அதை அனுப்பியவனுக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

சரி, எங்களை ஏன் சந்தேகப்பட்டார்கள்? இங்கேதான் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்று பெயர்கள் வருகின்றன. மருந்துப் பெயர் மாதிரி இருக்கின்றன, ஆனால் ஏற்றுமதிக்காரனுக்கு இது புரியாத விஷயமே இல்லை. எங்கள் சரக்கை இந்த இந்த லாரிக்காரர்கள் மட்டும்தான் எடுத்துப் போவார்கள் என்று கேட்டில் ஒரு பட்டியலை ஒட்டிவைத்தால் அது எஸ்.பி.எஃப். எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பத் தகுதியுள்ள சர்வர்கள் எவை என்று டி.என்.எஸ்.ஸில் எழுதிவைக்கிற ஒற்றை வரி. கன்டெய்னரை மூடி சீல் அடித்து அந்த எண்ணை பேப்பரிலும் எழுதி அனுப்புகிறோமே, அது டிகிம். வழியில் யாரும் உள்ளே கை வைக்கவில்லை என்பதற்கும் சீல் எங்களுடையதுதான் என்பதற்கும் சாட்சி. லாரியும் பட்டியலில் இல்லை, சீலும் எங்கள் பெயரில் இல்லை என்றால் அந்தச் சரக்கை என்ன செய்ய வேண்டும் என்று உரிமையாளரே எழுதிக்கொடுக்கிற கடிதம்தான் டிமார்க். 'நன்' (none) என்று எழுதினால் விட்டுவிடு, எனக்கு ரிப்போர்ட் மட்டும் அனுப்பு. 'க்வாரண்டைன்' என்றால் சந்தேகக் கணக்கில் வை. 'ரிஜெக்ட்' என்றால் வாசலிலேயே திருப்பு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பட்டியலும் சீலும் வேறு எவருடைய பெயரிலோ சரியாக இருந்து பிரயோஜனம் இல்லை, படிக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற 'ஃப்ரம்' முகவரியின் டொமைனோடு அவற்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும்.

எங்கள் கம்பெனியில் இந்த மூன்றும் எந்த லட்சணத்தில் இருந்தன என்று சொல்கிறேன். முன்பு வெப்சைட் வைத்திருந்த இடத்திலேயே மெயிலும் இருந்தது. அப்புறம் கம்பெனிகளுக்கான கூகுளின் மெயில் சேவையான ஒர்க்ஸ்பேஸுக்கு மாறினோம். மாற்றிக்கொடுத்த பையன் பழைய எஸ்.பி.எஃப். வரியைத் திருத்தாமல், பக்கத்திலேயே புதிதாக இன்னொரு வரியைச் சேர்த்துவிட்டான். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்திருப்பான். ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எஃப். வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதிக்கிற சர்வர் இது தப்பு என்று இரண்டையுமே ஒதுக்கிவிடும். வரி ஒன்றாகவே இருந்தாலும், அதைப் படிக்கப் பத்து முறைக்கு மேல் டி.என்.எஸ்.ஸில் போய்த் தேட வேண்டியிருந்தால் அப்போதும் தப்புதான். டிகிமை ஒர்க்ஸ்பேஸில் நாமாகப் போய், சீலைச் சரிபார்க்கிற சாவியை உருவாக்கி, அதை டி.என்.எஸ்.ஸில் சேர்த்து, ஆன் செய்ய வேண்டும். அதுவரை கூகுள் தன்னுடைய பொது சீலைத்தான் அடிக்கும், எங்கள் பெயரில் அல்ல. அதை யாரும் ஆன் செய்யவில்லை. டிமார்க் என்ற பெயரையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆக, ஜெர்மனி சர்வரின் பார்வையில் நாங்கள் பட்டியலும் சீலும் இல்லாமல் வாசலில் வந்து நிற்கிற லாரி. பிடித்து வைத்ததில் என்ன தப்பு?

முன்பெல்லாம் இப்படியே ஓடிக்கொண்டிருந்ததே, இப்போது என்ன வந்தது என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. 2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் சேர்ந்தாற்போல ஒரு அறிவிப்பு வெளியிட்டன, 2024 பிப்ரவரியிலிருந்து அமல். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம், விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகிக்கொள்ள வசதி கட்டாயம், ஸ்பாம் என்று வருகிற புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் அந்த பட்டனை அழுத்தினாலே எல்லைக்கு வந்துவிட்டோம். நாங்கள் நாளைக்கு நூறு மெயில் போடுகிற ஆட்கள், எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். அளவு குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் எஸ்.பி.எஃப். அல்லது டிகிம் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் தன் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு, தினம் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் விஷயத்தில், இதே மாதிரி விதியைக் கொண்டுவந்தது. பெரிய கடைகள் மூன்றும் கதவை இறுக்கினால் மற்றவர்களும் இறுக்குவார்கள், அவ்வளவுதான் விஷயம்.

எஸ்.எம்.எஸ்.ஸுக்கு இங்கே நடந்ததை யோசித்துப் பார்க்கிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, வாடிக்கையாளருக்கு மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புகிற கம்பெனி டி.எல்.டி. என்கிற பதிவுத் தளத்தில் பதிந்து, அனுப்புகிற பெயரையும் வாசகத்தையும்கூட ஒப்புதல் வாங்க வேண்டும். அப்போது எல்லோரும் முணுமுணுத்தோம், ஆனால் விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது. போன் கம்பெனிக்காரன் கூப்பிட்டுச் சொன்னான், ஆடிட்டர் சொன்னார். மெயிலுக்கு அப்படி ஒரு அலுவலகம் இல்லை. எங்கேயோ இருக்கும் மூன்று கம்பெனிகள் வைத்ததுதான் சட்டம், அப்பீலுக்கு ஜன்னல் கிடையாது. இது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் கேட்டது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். உன் பெயரில் அனுப்புகிறவன் நீதானா என்று கேட்கிறார்கள், அதற்குக் காசும் வாங்கவில்லை. டி.என்.எஸ்.ஸில் மூன்று வரி, மொத்தம் ஒரு மணி நேர வேலை.

ஒரு மணி நேரம் என்று சொன்னேன், எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. ஏன் என்றால் டி.என்.எஸ்.ஸுக்குள் நுழைகிற பாஸ்வேர்ட் எங்களிடம் இல்லை. நான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதைத்தான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெப் டிசைனர் பையன் வெப்சைட் செய்து கொடுத்தான். டொமைனை அவனே பதிந்தான், அவன் பெயரில், அவனுடைய மெயில் முகவரியில், அவனுடைய கணக்கில். வருஷா வருஷம் நாங்கள் அவனுக்குப் பணம் கொடுத்தோம், அவன் புதுப்பித்தான். பையன் நல்லவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவன் போன் நம்பரை மாற்றிக்கொண்டு பெங்களூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான். கம்பெனி இடத்தின் பத்திரத்தை முதலாளி பீரோவில், லாக்கருக்குள் வைத்திருக்கிறார். ஜி.எஸ்.டி. பாஸ்வேர்ட், ஐ.இ.சி. விவரம், பேங்க் டோக்கன் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. விசிட்டிங் கார்டில், அட்டைப்பெட்டியில், இன்வாய்ஸில், பையர் தலையில் பதிந்திருக்கிற அந்தப் பெயர் மட்டும் யாரோ ஒருவரின் கணக்கில் கிடக்கிறது. பக்கத்து யூனிட்காரர்கள் ஆறு பேரிடம் விசாரித்தேன், உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று. ஒருவர்தான் என் பெயரில் என்றார். இருவர் "அதெல்லாம் கம்ப்யூட்டர் தம்பிக்குத்தாங்க தெரியும்" என்றார்கள். மற்ற மூவருக்குக் கேள்வியே புரியவில்லை.

ஒன்பதாம் நாள் பையனைப் பிடித்து, போனிலேயே அவன் கூட உட்கார்ந்து, இரண்டு எஸ்.பி.எஃப். வரியை ஒன்றாக்கி, டிகிம் சாவியைப் போட்டோம். அது நீளமான சாவி, ஒரு தடவையில் முழுசாக ஏறாமல் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது, மறுபடி போட்டோம். மாற்றம் உலகம் முழுக்கப் பரவ ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகலாம், உடனே சரியாகவில்லையே என்று திரும்பத் திரும்ப நோண்டக்கூடாது. டிமார்க்கை இப்போதைக்கு 'நன்' என்று வைத்திருக்கிறோம். எடுத்ததும் 'ரிஜெக்ட்' போட்டால் நாமே மறந்துபோன ஏதாவது ஒன்று, உதாரணமாக பில் அனுப்புகிற சாஃப்ட்வேரோ வெப்சைட்டில் இருக்கும் என்கொயரி ஃபார்மோ, நம் பெயரில் அனுப்பிக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும் என்று அக்கா மகன் தடுத்துவிட்டான். ரிப்போர்ட் வரட்டும், நம் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று தெரியட்டும், அப்புறம் இறுக்கலாம் என்றான். முதல் வார ரிப்போர்ட்டிலேயே நாங்கள் எப்போதோ விட்டுவிட்ட ஒரு பழைய பில்லிங் சர்வீஸ் இன்னும் எங்கள் பெயரில் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது.

இதைப் படிக்கிற தொழில்காரர்கள் இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம், செலவில்லை. கம்பெனி மெயிலிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு வரி அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தட்டி, 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்துங்கள். எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேராக பாஸ், ஃபெயில் என்று பரீட்சை ரிசல்ட் மாதிரி வரும். பாஸ் வந்தாலும் டிகிமுக்குப் பக்கத்தில் எந்த டொமைன் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், உங்களுடையதாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சரி செய்துவிட்டால் இன்பாக்ஸ் நிச்சயம் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். நீ இன்னார் என்று நிரூபிக்கத்தான் இது, நீ நல்லவன் என்று நிரூபிக்க அல்ல. எங்கள் மார்க்கெட்டிங் தம்பி ஒருமுறை எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய பையர் லிஸ்ட்டுக்கு, கேட்லாக்கை, கம்பெனி மெயிலிலிருந்தே ஒரே மூச்சில் தட்டிவிட்டான். அந்த லிஸ்ட்டுகளில் பாதி செத்துப்போன முகவரி, சிலது ஸ்பாம் அனுப்புகிறவனைப் பிடிக்கவே விரித்து வைத்த வலை. ஸ்பாம்ஹவுஸ் போன்றவர்கள் வைத்திருக்கும் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறினால் மறுநாள் இன்வாய்ஸ்கூடப் போகாது. கேட்காதவர்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்பியதற்கு முதல் உதாரணமாகச் சொல்லப்படுவது 1978-ல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனிக்காரர் கேரி தூர்க் சுமார் 400 பேருக்கு அனுப்பிய விளம்பரம். அன்றைக்கே திட்டு வாங்கினாராம். விளம்பரம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு துணை டொமைன் (நம் டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த தனிப் பெயர்) வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அனுப்பலாம். பையரோடு பேசுகிற முகவரியை அதில் இழுக்கக்கூடாது.

இன்னொன்று. பையருக்கு எங்கள் பெயரில் "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இந்த நம்பருக்குப் பணம் அனுப்புங்கள்" என்று போலி மெயில் போவது ஏற்றுமதிக்காரர்கள் எல்லோரும் பயப்படுகிற மோசடி. டிமார்க்கை 'ரிஜெக்ட்' வரை கொண்டுபோனால் எங்கள் டொமைனை அப்படியே போட்டு அனுப்புகிறவனை, அதை மதிக்கிற சர்வர்களில் தடுக்கலாம். ஒரு எழுத்தை மாற்றி அதே மாதிரி டொமைன் வாங்கி அனுப்புகிறவனையோ, எங்கள் பாஸ்வேர்டையே திருடியவனையோ அது தடுக்காது. அக்கவுண்ட் மாற்றம் என்றால் போன் செய்து கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள் என்று பையரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் அதற்கு வழி.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள், வணிகப் பக்கத்தில் வாரம் ஒரு கால் பத்தியாவது இந்த மாதிரி விஷயங்களுக்கு ஒதுக்குங்கள். பருத்தி விலையும் டாலர் மதிப்பும் தினம் போடுகிறீர்கள், அவை அவசியம்தான். இந்த விதிகள் வந்தபோது இங்கிலீஷில் எழுதித் தள்ளினார்கள், எங்களைப் போன்ற ஆபீஸ்களில் படித்துப் புரிந்துகொள்கிற தமிழில் ஒருவரும் சொல்லவில்லை. தொழில் சங்கங்களும் தங்கள் மெம்பர்களுக்கு ஒரு சனிக்கிழமை மதியம் ஒதுக்கி, ஒவ்வொருவர் டொமைனும் யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொடுத்தால் போதும், மற்றதை அவரவர் கம்ப்யூட்டர் ஆட்களே செய்துவிடுவார்கள். வெப்சைட் செய்து கொடுக்கிற தம்பிகளும், டொமைனை வாடிக்கையாளர் பெயரிலேயே பதிந்து, பாஸ்வேர்டை பில்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி பத்திரத்தைத் தன் பெயரிலா வைத்துக்கொள்கிறார்?

ஜெர்மனி ஆர்டர் தப்பித்தது. இரண்டு வாரம் தள்ளி ஷிப்மென்ட் போனது, தாமதத்துக்காக விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். எங்கள் டொமைன் மட்டும் இன்னும் அந்தப் பையன் கணக்கில்தான் இருக்கிறது. கார்த்திகையில் புதுப்பிக்கிற தேதி வருகிறது. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.